பீரோவுக்குள் ஒரு எம்.பி.எட்.

வாங்க அம்மிணி, உக்காருங்க. காத்து அந்தப் பக்கந்தான் வரும், அந்தச் சேர்ல உக்காருங்க. வெளிய சத்தத்தைக் கேட்டு மெரண்டுக்காதீங்க. பிரேயருக்குப் பிள்ளைங்க வரிசையில நிக்கறாங்க. நிக்கறாங்கன்னு சொல்லக்கூடாது, நிக்க வெச்சுட்டு இருக்கறோம். மைக்குல கத்தறாரே, அவரு எங்க கணக்கு சாருங்க. அரை மணி நேரமா "கை நீட்டி இடைவெளி விடு"ங்கறார், ஒருத்தன் கை அடுத்தவன் மூக்குல இருக்குது. போச்சாது, விடுங்க. பத்து மணிக்கு ஆபீசர் வர்றார், அதுக்குள்ள நின்னுருவாங்க.

உங்களைப் பத்தி வாட்ச்மேன் சொன்னான். மேகலா, பி.எஸ்ஸி., பி.பி.எட்., எம்.பி.எட். கபடியில மாநில அளவு. சரிங்க. ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. இத்தனை வருசம் எதைங்க படிச்சீங்க? ஓடுறதுக்கா? என்ற தோட்டத்துல ஆட்டுக்குட்டி பொறந்த அன்னைக்கே ஓடுது. அதுக்கு எந்தக் காலேஜுலயும் சீட்டு வாங்கித் தரலீங்க.

சிரிக்க மாட்டேங்கறீங்க. சிரிங்க அம்மிணி, நான் தமாசாப் பேசற ஆளு. ஸ்டாஃப் எல்லாரும் சிரிப்பாங்க. சிரிச்சே ஆகோணும், அது வேற.

நான் மொதல்ல கோழிப்பண்ணை வெச்சிருந்தவன். ஒளிச்சு மறைக்கறதுக்கு ஒண்ணுமில்லை. முட்டை வித்த காசுலதான் இந்தக் கட்டடம் நிக்குது. பண்ணையில நான் கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு. கோழிய ஓட விட்டா தீவனம் வீணு. கூண்டுல நிக்கோணும், திங்கோணும், முட்டை போடோணும். பள்ளிக்கூடமும் அப்படித்தானுங்க. உக்காரோணும், படிக்கோணும், மார்க்குப் போடோணும். நடுவுல ஓட விட்டா அந்த மார்க்கு எங்கிருந்து வரும், சொல்லுங்க பாக்கலாம்.

அதனால விளையாட்டே இல்லைன்னு நினைச்சுக்காதீங்க. விளையாட்டுக் கட்டணம்னு ஒவ்வொரு பிள்ளைகிட்டயும் வாங்கறோம். டைம் டேபிள்ல வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட் இருக்குது. அந்த பீரியட்ல கணக்கு சார் போய் கணக்கு நடத்துவார். பாவம், அவருக்கு போர்ஷன் முடியோணுமில்லீங்களா. ஸ்டோர் ரூம்ல பந்து இருக்குது, வாங்கி மூணு வருசமாச்சு, கவர் கூடப் பிரிக்காம அப்படியே புதுசா வெச்சிருக்கறேன். எந்தப் பள்ளிக்கூடத்துலயாவது பந்தை இப்படிப் பராமரிப்பாங்களா?

சரி, விசயத்துக்கு வர்றேன். உங்களுக்கு முந்தி இங்க பூபதின்னு ஒரு பி.டி. மாஸ்டர் இருந்தான். உங்களாட்டவே எம்.பி.எட்.டு. ஒம்பது வருசம் இருந்தான். நான் குறை சொல்லக்கூடாது, வேலை செய்வான். காலையில கேட்ல நிப்பான், முடி வெட்டாதவனை எல்லாம் தனியா நிறுத்துவான். பத்து பஸ்சும் அவன் விசிலுக்குத்தான் திரும்பும். பணம் கட்டாத பிள்ளைங்களை வெயில்ல நிறுத்தச் சொன்னா நிறுத்துவான். அதுல மட்டும் கொஞ்சம் மொகத்தைத் தூக்கிக்குவான், அப்புறம் நான் பாக்காத நேரமாப் பாத்து நெழலுக்குக் கூட்டிட்டுப் போயிருவான், அது எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. ஆண்டு விழான்னா சேர் போடறது, பந்தல்காரன்கிட்டச் சண்டை போடறது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கறது, சீஃப் கெஸ்ட்டுக்கு எளநி வெட்டறது எல்லாம் அவன்தான். என்ற அப்பா தவறிப்போனாரே, அன்னைக்கு மாலை போட வந்த கூட்டத்தை வரிசையில விட்டது ஆருன்னு நினைக்கறீங்க? கழுத்துல விசில் போட்டுக்கிட்டுத்தான் நின்னான். ஊதலை. சாவு வீட்டுல ஊதக்கூடாதுன்னு அந்த அளவுக்கு விவரம் இருந்துச்சு.

ஆனா பாடம் நடத்தினானா? இல்லை. ஒரே ஒரு மார்க்கு வாங்கிக் குடுத்தானா? இல்லை. அப்ப சம்பளம் எதை வெச்சுக் குடுக்கறது? கணக்கு சாருக்கு நாப்பதாயிரம். பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி அதுக்குக் கீழ. தமிழய்யா அதுக்கும் கீழ, அவரும் ஒண்ணும் கேக்க மாட்டார். கடைசியில பி.டி. மாஸ்டர், பதினோராயிரம். அதுக்குக் கீழ வாட்ச்மேன். ரெண்டு பேர்கிட்டயும் விசில் இருக்குது, வாட்ச்மேனுக்கு ராத்திரி முழிக்கற வேலை எச்சு. நியாயமாப் பாத்தா வாட்ச்மேன் தான் என்கிட்டச் சண்டைக்கு வந்திருக்கோணும்.

போன வருசம் ஆண்டு விழா முடிஞ்ச மறுநாளு. பூபதி இதே ரூமுக்கு வந்தான். உக்காரலை, நின்னுக்கிட்டே பேசினான். "சார், ரெண்டாவது கொழந்தை பொறந்திருக்குது. கட்டுபடி ஆகலீங்க. ஒரு மூவாயிரம் ஏத்திக் குடுங்க. நானும் மத்தவங்களாட்ட முதுகலை படிச்சவன்தானுங்க"ன்னான்.

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. மத்தவங்களாட்டவாம்! நான் கோவப்படலை. நான் கோவப்படற ஆளே இல்லை. சாயங்காலம் ஸ்டாஃப் மீட்டிங் இருந்துச்சு. அதோ பாருங்க, அந்தப் பீரோ, அதுலதான் எல்லா வாத்தியாருங்களோட ஒரிஜினல் சர்டிபிகேட்டும் இருக்கும். இந்தப் பக்கம் எல்லாப் பள்ளிக்கூடத்துலயும் உள்ள பழக்கம்தான், உங்களுக்குத் தெரியாததா. வேலைக்குச் சேர்ந்தா ஒரிஜினல் இங்க. பாதியில போனா மூணு மாசச் சம்பளத்தைக் கட்டிட்டு வாங்கிட்டுப் போகலாம். நான் பூபதியோட எம்.பி.எட். சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போய் மீட்டிங்குல தூக்கிக் காட்டினேன். "கணக்கு சார், நீங்க சொல்லுங்க, இது என்ன பெறும்?"னு கேட்டேன். அவரும் தமாசுக்காரர்தான். கையில வாங்கித் தூக்கிப் பாத்துட்டு, "பழைய பேப்பர்காரன்கிட்டப் போட்டாலும் இதுக்குத் தனியாக் காசு தர மாட்டானுங்க சார், சும்மா சேத்து எடுத்துக்குவான்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. அட, சிரிச்சுச் சிரிச்சு தமிழய்யாவுக்குப் பொறையேறிப் போச்சு.

பூபதியும் சிரிச்சான். சிரிச்சான்னுதான் நினைக்கறேன். பல்லு தெரிஞ்சுது.

மறுநாளு வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. சரி, எங்க போயிருவான், சர்டிபிகேட் நம்ம பீரோவுல இல்ல இருக்குது, மூணு மாசச் சம்பளத்தோட வந்து நிப்பான்னு இருந்தேன். வரவே இல்லீங்க. படிச்ச படிப்போட ஒரிஜினலை ஒருத்தன் இப்படி அம்போன்னு விட்டுட்டுப் போவானா? அந்தப் படிப்புக்கு என்ன மதிப்புன்னு அவனே காட்டிட்டான் பாருங்க. நான் வாயால சொன்னேன், அவன் செஞ்சே காட்டிட்டான்.

என்ன பண்ணினான்னு கேக்கறீங்களா? சங்ககிரி ரோட்டுல ஓடாமக் கெடந்த ஒரு தறிப்பட்டறைய வாடகைக்குப் புடிச்சான். பொண்டாட்டி வளையலை வெச்சானாம். உடற்பயிற்சி நிலையம்னு போர்டு. நான் கார்ல போறப்ப வேணும்னே மெதுவாப் போய்ப் பாப்பேன். மொத மாசம் ஈ ஓட்டினான். எனக்கே பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா ஹாரன் அடிச்சுட்டுத்தான் போனேன்.

அப்புறம் போர்வெல் போடற ரிக் வண்டி ஓனரு ஒருத்தரு போனாரு. மூட்டுவலி. ரெண்டு மாசத்துல மாடிப்படி ஏறினாராம். அவ்வளவுதான், நம்மூரைப் பத்தித் தெரியுமில்லீங்களா. ஒரு ரிக் ஓனர் போனா அத்தனை ரிக் ஓனரும் போவான், அவங்க போனா நூல் மில்லுக்காரன் போவான், வக்கீல் போவான். காலையில அந்த ரோட்டுல காரு நிக்கற வரிசையப் பாத்தா கண்ணாலமான்னு கேப்பீங்க. அந்த வண்டியெல்லாம் கூட நேரா நிக்குதுங்க, அதான் எனக்கு எரிச்சல்.

எனக்கு அங்க என்ன வேலைன்னு நினைப்பீங்க. எல்லாம் இந்த நெஞ்சு பண்ணின கூத்து. ஆடி மாசம் மார்ல வலின்னு போனேன், ஸ்டென்ட் வெச்சு அனுப்பிட்டாங்க. டாக்டரம்மா சொன்னாங்க, "தெனமும் பயிற்சி பண்ணோணும், ஆனா நீங்களா எதையும் பண்ணாதீங்க, கண்ட பசங்ககிட்டயும் போகாதீங்க, முறையாப் படிச்சவரா பாத்துப் போங்க"ன்னு. நான் கேப்பனா? பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு பையன் கம்மி ரேட்டுக்கு நடத்தறான், அங்க போனேன். கைய முறுக்கிக் காட்டினான், அதுதான் அவன் படிப்பு. மூணாம் நாளு எதையோ தூக்கச் சொன்னான், இடுப்புப் புடிச்சு ஒரு வாரம் படுக்கை. டாக்டரம்மா சத்தம் போட்டுட்டு, சீட்டுல ஒரு பேரை எழுதிக் குடுத்தாங்க. வெளிய வந்து பாத்தா, அட கெரகமே! பூபதி, எம்.பி.எட்.

போனேன். உசுரு முக்கியமில்லீங்களா. அவன் ஒண்ணுமே காட்டிக்கலை. "வாங்க சார், டாக்டர் சீட்டைக் குடுங்க"ன்னான். ரத்த அழுத்தம் பாத்தான், நடக்கச் சொல்லி நாடியப் புடிச்சான், என்னமோ கணக்குப் போட்டான். கட்டணம் மாசம் நாலாயிரம்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. ஒரு மணி நேரம் என்னை நடக்க வெக்கறதுக்கா! குறைச்சுக்கோப்பான்னேன். "இல்லீங்க சார், எல்லாருக்கும் ஒரே கட்டணம்தான். மூணு மாசம் முன்பணம்"னான். மூணு மாசமாம்! ரூல்ஸாம்! எங்க கத்துக்கிட்டானோ தெரியலை.

கட்டினேன். இப்ப நாலு மாசமாப் போறேன். அங்க எல்லாரும் வரிசையிலதான் நிக்கோணும். இந்தப் பக்கம் ரிக் ஓனரு, அந்தப் பக்கம் ஜவுளிக்கடைக்காரரு, நடுவுல நானு. அவன் விசிலை ஊதினா நாங்க நடக்கறோம், ஊதினா நிக்கறோம். இங்க வாய் நெறைய பூபதின்னு சொல்றேன், அங்க போனா மாஸ்டர்னுதானுங்க வருது. சர்க்கரை குறைஞ்சிருக்குது, படி ஏறினா மூச்சு வாங்கறதில்லை. அது அவனாலன்னு சொல்ல முடியாது, எனக்கு மன உறுதி ஜாஸ்தி.

அதெல்லாம் கூடப் பரவாயில்லைங்க. அங்க சொவத்துல ஒரு கண்ணாடி ஃபிரேம் மாட்டியிருக்கறான். உள்ள அவன் எம்.பி.எட். சர்டிபிகேட்டோட ஜெராக்ஸ். அதுக்குக் கீழ அழகாக் கையெழுத்துல, "ஒரிஜினல்: தாளாளர் அறை பீரோவில் பத்திரமாக உள்ளது"ன்னு நம்ம பள்ளிக்கூடத்துப் பேரைப் போட்டு எழுதி வெச்சிருக்கறான். வர்ற போறவன் எல்லாம் அதைப் படிச்சுட்டு என்னைப் பாக்கறான். அந்த ஜவுளிக்கடைக்காரரு பேத்தி நம்ம பள்ளிக்கூடத்துலதான் படிக்குது. "ஏனுங்க, இன்னும் குடுக்கலீங்களா?"ன்னு தெனமும் கேக்கறாரு, எங்கூடவே நடந்துக்கிட்டு! மார்வலிக்குப் போற எடத்துல மார்வலி.

பொறுக்க முடியாம ஒரு நாளு சொல்லிட்டேன். "மாஸ்டர், அதை வாங்கிக்குங்க. பணம் ஒண்ணும் கட்ட வேண்டாம், சும்மாவே தர்றேன். இந்த ஃபிரேமைக் கழட்டிருங்க"ன்னு. என்ன சொன்னான் தெரியுங்களா? "இருக்கட்டுங்க சார். ரூல்ஸை எனக்காக மாத்தாதீங்க. மூணு மாசச் சம்பளம் சேத்ததும் நானே வர்றேன்"ங்கறான். மாசா மாசம் அத்தனை பேருகிட்ட வாங்கறான், பதினோராயிரமா மூணு மாசத்துக்கு இன்னும் சேரலையாம்! எகத்தாளத்தைப் பாத்தீங்களா? நாலு பேருக்கு முன்னால ஒருத்தனை வெச்சுச் சிரிக்கறது எவ்வளவு கேவலமான புத்தி!

இதுல இப்பப் பொம்பளைங்களுக்குத் தனியா நேரம் ஒதுக்கியிருக்கறான். அதுக்கு ஒரு லேடி டிரெய்னர் வேணும்னு ரெண்டு மாசமாத் தேடறான். படிச்சவங்கதான் வேணுமாம், சும்மா உடம்பைக் காட்டறவங்க வேண்டாமாம். இருபத்தஞ்சாயிரம் தர்றானாம், ஞாயித்துக்கெழமை லீவு! புத்தி கெட்டவன். சம்பளம் குடுக்கத் தெரியலைன்னா இப்படித்தான், தொழிலைக் கெடுத்து வெச்சுருவானுங்க. உங்களைச் சொல்லலை அம்மிணி, பொதுவாச் சொல்றேன்.

சரி, இன்னைக்குக் கதைக்கு வர்றேன். நம்ம பள்ளிக்கூடத்துக்கு அங்கீகாரம் புதுப்பிக்கோணும். போன வாரம் ஆபீசர் வந்தார். எல்லாம் பாத்தார், கக்கூஸ் கூடப் பாத்தார். கடைசியில, "உடற்கல்வி ஆசிரியர் எங்க?"ன்னார். நான் விடுவனா, பீரோவத் தொறந்து பூபதி சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினேன், லீவுல இருக்கறார்னேன். அந்த ஆளு அதை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தார். "காகிதம் நல்லாருக்குதுங்க, ஆளைக் காட்டுங்க. நான் காலேஜுல ஓட்டப்பந்தய வீரன். உங்க பி.டி. ஆசிரியர்கிட்ட நேர்ல ரெண்டு வார்த்தை பேசோணும். அடுத்த வாரம் இதே நாளு பத்து மணிக்கு வர்றேன்"னுட்டார். ஆள் இல்லைன்னா கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லைன்னா பத்தாவது பிள்ளைங்க பரீட்சை எழுதறதே சிக்கல். பெத்தவங்க என்னைச் சும்மா விடுவாங்களா? கட்டடத்து மேல பேங்க்ல கடன் வேற. ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்லீங்க. ஆறு பேருக்குப் போன் போட்டேன், பள்ளிக்கூடத்துப் பேரைக் கேட்டதும் அஞ்சு பேரு போனை வெச்சுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வந்திருக்கறீங்க.

அதனால இன்னையில இருந்து நீங்கதான் எங்க பி.டி. டீச்சர். உங்களைச் சும்மா விட மாட்டேன், பூபதிக்குக் குடுத்ததை விட ஆயிரம் எச்சு, பன்னெண்டாயிரம். பொம்பளைப்பிள்ளைன்னு டீசல் வாங்க அனுப்ப மாட்டேன். சேர் மட்டும் போட்டாப் போதும். ஒரிஜினலைக் குடுத்துருங்க, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு ரெண்டு பேரும் ஒட்டுக்கா வெளிய போகலாம்.

ஏனுங்க அம்மிணி? எதுக்கு ஃபைலை மூடறீங்க? எந்திரிச்சுட்டீங்க!

சங்ககிரி ரோட்டுல எந்த எடம்னா... பழைய ரைஸ் மில்லு தாண்டி, எடது கைப்பக்கம்... அட, நான் எதுக்கு உங்களுக்கு வழி சொல்லிட்டு இருக்கறேன்! உக்காருங்க. சித்த உக்காருங்க சாமி. பதிமூணு. சரி பதினஞ்சு! வாயத் தொறந்து சொல்லுங்க, எவ்வளவு வேணும்? கேட்ல ஜீப் சத்தம் கேக்குது பாருங்க. அந்தப் பிள்ளைங்க நிக்கற லட்சணத்தைப் பாத்தீங்கன்னா ஆபீசர் எறங்காமயே திரும்பிப் போயிருவார். வேலைக்குச் சேர வேண்டாம். இந்த ஒரு மணி நேரம், அவர் போற வரைக்கும், அந்த வரிசைய மட்டும் நிறுத்திக் குடுங்க. அதுக்கு என்ன கேக்கறீங்களோ தர்றேன்.

என்னது?

பூபதியோட சர்டிபிகேட்டா? அதையா?

பணம் வேண்டாமா! நல்லா ரோசனை பண்ணித்தான் கேக்கறீங்களா? அதைக் கொண்டுபோய் அவன்கிட்டக் குடுக்கப் போறீங்க, அதுக்கா? அட, எடுத்துக்குங்க அம்மிணி! இந்தாங்க, இதோ. கவரோடயே தர்றேன். அந்த ஃபிரேமையும் கழட்டச் சொல்லிருங்க, எனக்குக் கோடிப் புண்ணியம். கணக்கு சார் கேட்டா என்ன சிரி சிரிப்பார்! பேப்பர்காரன் சும்மா சேத்து எடுத்துக்கறதைக் குடுத்து ஒரு மணி நேரம் வேலை வாங்கிட்டேன் பாருங்க. இதுக்குத்தான் சொல்றது, விளையாட்டுக்குப் படிச்சவங்களுக்கு வெலை பேசத் தெரியாதுன்னு.

இந்தாங்க விசில். மேசை டிராயர்லயே கெடந்துச்சு, அவன் விட்டுட்டுப் போனது. ஊதுங்க, ஓடிப்போய் ஊதுங்க.

அடேயப்பா. ஒரே ஊதல்! மைக்கை விட்டுட்டு இங்க வந்துட்டீங்களா கணக்கு சார்? ஜன்னலுக்கு வெளிய பாருங்க, நீங்களே வாயப் பொளந்துட்டு நிக்கறீங்க. கோடு போட்ட மாதிரி நிக்கறானுங்களே! ஆபீசரும் எறங்கிட்டார், அந்தம்மிணிகிட்டத்தான் நேராப் போறார். போகட்டும், நாமளும் போவோம்.

என்னுங்க கணக்கு சார், ஏன் இப்படிப் பதர்றீங்க? ஆபீசர்கிட்ட உண்மையச் சொல்லிருமேன்னா? ஆமா, போறப்ப அந்தம்மிணியே என்கிட்டச் சொல்லிட்டுத்தான் போச்சு. "ஆபீசர் கேட்டா நான் இங்க வேலை பாக்கலைன்னு உண்மையத்தான் சொல்லுவேன்"னு. சொல்லிக்கோன்னுட்டேன். கேட்டாத்தானே சொல்லும்? ஒம்பது வருசம் ஒருத்தன் இங்க நின்னானே, வந்த ஆபீசர்ல ஒருத்தராவது அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பாங்களா? நாம கேட்டிருப்போமா? வாங்க, வெசனப்படாம வாங்க. பி.டி. டீச்சர்கிட்டப் போய் ஆருங்க என்ன கேக்கப் போறாங்க!